கேரி கில்டால் (1942 - 1994): ஒரு கடிகாரத் துடிப்பின் கதை

கணிப்பொறிக்கு மணி என்னவென்று தெரிந்தாக வேண்டுமா? இன்றைக்குக் கேட்டால் வேடிக்கையான கேள்வியாகப் படும். ஆனால் 1970-களின் பிற்பாதியில் சிறு அலுவலகங்களின் மேஜைக்கு வந்த சின்னக் கணிப்பொறிகளில் மிகப் பலவற்றை நடத்திய சிபி/எம் என்ற இயங்குதளத்துக்கு நேரம் என்கிற உணர்வே கிடையாது. ஒரு கோப்பைச் சேமித்தால் எந்தத் தேதியில் சேமித்தோம் என்று குறித்து வைக்காது. ஒரு நிரலை ஓடவிட்டால், அது தானாக முடித்துக்கொண்டு திரும்பி வரும்வரை கைகட்டிக் காத்திருக்கும். அதை எழுதியவர் கேரி கில்டால். அதே கில்டாலின் நிறுவனம்தான் ஐந்தே ஆண்டுகளில், நொடிக்கு அறுபது தடவை மணி பார்த்து, ஒரே சில்லில் பல பேருடைய வேலைகளை மாற்றி மாற்றிச் செய்யும் இயங்குதளம் ஒன்றையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இந்த இரண்டாவது பாதியை யாரும் அதிகம் சொல்வதில்லை. கில்டால் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது ஒரே கதைதான்: ஐபிஎம் வாசலில் வந்து நின்ற அன்று விமானம் ஓட்டப் போய்விட்டு, பில் கேட்ஸுக்குப் போகவேண்டியதல்லாத செல்வத்தைத் தாரை வார்த்தவர். அந்தக் கதைக்குப் பிறகு வருவோம். அதற்கு முன் அந்த மனிதர் என்ன செய்தார் என்று பார்த்துவிடுவது நியாயம்.

கில்டால் 1942 மே 19 அன்று சியாட்டில் நகரில் பிறந்தார். கப்பலோட்டிகளின் குடும்பம். நார்வே வழி வந்த அவர் தந்தை ஒரு கப்பல் தலைவர். கப்பல் செலுத்தும் கலையைக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றைக் குடும்பமே நடத்தி வந்தது. நடுக்கடலில் விண்மீனைப் பார்த்துக் கப்பல் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடுவது அங்கே அன்றாடப் பாடம். கைப்பிடியைச் சுழற்றினால் கப்பலின் இருப்பிடத்தைச் சொல்லிவிடும் இயந்திரம் ஒன்று வேண்டும் என்பது தந்தையின் நெடுநாள் கனவு. பள்ளிப் படிப்பு முடிந்ததும் கேரியும் அங்கேயே சில காலம் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். கணித ஆசிரியர் ஆகவேண்டும் என்ற எண்ணத்தோடுதான் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1963-இல் டோரதி மெக்யூவனை மணந்தார். பல்கலைக்கழகத்தில் கணிப்பொறியைக் கண்டபின் கணித ஆசிரியர் கனவு பின்னுக்குப் போய்விட்டது.

வியட்நாம் போர்க்காலம் அது. கட்டாயப் படைச் சேவைக்கு அழைப்பு வந்தபோது, கப்பலுக்குப் போகாமல் கலிஃபோர்னியாவின் மான்டரே நகரிலுள்ள கடற்படை முதுநிலைப் பள்ளியில் கற்பிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. ஊர் பிடித்துப்போனது. இடையில் சியாட்டில் திரும்பி 1972-இல் கணிப்பொறி அறிவியலில் முனைவர் பட்டத்தை முடித்துக்கொண்டு மறுபடி மான்டரேவுக்கே வந்தார்.

அந்த முனைவர் ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. ஒரு நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், தேவையில்லாத வேலைகளை எப்படிக் கண்டுபிடித்து நீக்கும்? நிரலின் ஒவ்வொரு புள்ளியிலும் எந்தெந்த மாறிக்கு என்ன மதிப்பு இருக்கமுடியும் என்று முன்கூட்டியே கணித்து, கிளைகள் சேரும் இடத்தில் இரு பக்கச் செய்திகளையும் ஒப்பிட்டு, இனி எதுவும் மாறாது என்ற நிலை வரும்வரை சுற்றிச் சுற்றி வருவது ஒரு வழி. இதற்கு ஒழுங்கான கணித அடித்தளம் கொடுத்த கட்டுரையை கில்டால் 1973-இல் வெளியிட்டார். கம்பைலர் பாடப் புத்தகங்களில் அந்த முறை அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. சிபி/எம் மறைந்துவிட்டது; இது மறையவில்லை. நாம் எழுதும் நிரல்கள் கம்பைலர் வழியே போகும்போதெல்லாம் இந்தச் சிந்தனையின் வாரிசு ஏதோ ஒன்று உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. வெறும் வியாபாரத்தில் தோற்ற ஒருவராக மட்டும் அவரைப் பார்ப்பவர்களுக்கு இது பெரும்பாலும் தெரியாது.

1971-இன் கடைசியில் இன்டெல் நிறுவனம் 4004 என்ற சில்லை விற்பனைக்கு அறிவித்தது. ஒரே சில்லில் ஒரு கணிப்பொறியின் மூளை. கில்டால் அதைப் பிடித்துக்கொண்டார். தந்தையின் கைப்பிடி இயந்திரத்தை இதைக் கொண்டு செய்துவிடலாமா என்பதுதான் அவர் முதலில் பார்த்த வேலைகளில் ஒன்று. நான்கு பிட் சில்லில் சைன், கோசைன் கணக்குப் போடுவது என்றால் எறும்பை ஏரில் பூட்டுவது போல, ஆனாலும் விடவில்லை. பெரிய கணிப்பொறியில் 4004 போலவே நடிக்கும் நிரல் ஒன்றை எழுதி, அதில் தன் நிரல்களைச் சோதித்தார். அந்த வேலை இன்டெல் கவனத்துக்கு வந்தது. வகுப்பு இல்லாத நாட்களில் அங்கே ஆலோசகராகப் போகத் தொடங்கினார்.

இன்டெல்லுக்காக அவர் 1973-இல் செய்த முக்கியமான காரியம் பிஎல்/எம் என்ற மொழி. நுண்செயலிகளுக்காக எழுதப்பட்ட முதல் உயர்நிலை மொழி அது. அதுவரை இந்தச் சில்லுகளை மின்விளக்குச் சிக்னலையும் சலவை இயந்திரத்தையும் இயக்குவதற்கான உதிரிப் பாகமாகவே பலரும் நினைத்திருந்தார்கள். கில்டாலுக்கு அது கணிப்பொறியாகத் தெரிந்தது. கணிப்பொறி என்றால் அதற்கு மொழி வேண்டும், கோப்பு வேண்டும், கோப்பை வைக்க வட்டு வேண்டும்.

வட்டு கிடைத்தது. எட்டு அங்குல நெகிழ்வட்டு இயக்கி. ஒரு வட்டில் சுமார் 250 கேபி. ஆனால் இயக்கிக்கும் கணிப்பொறிக்கும் நடுவே வேண்டிய மின்சுற்றைச் செய்ய அவரால் முடியவில்லை. கில்டால் மென்பொருள்காரர்; சால்டரிங் அயர்ன் அவருக்குக் கைவரவில்லை. கடைசியில் பல்கலைக்கழக நாள் நண்பர் ஜான் டொரோட் வந்து மின்சுற்றை அமைத்துக் கொடுத்தார். 1974-இல் பசிஃபிக் குரோவ் ஊரில், கில்டால் வீட்டுக் கொல்லைப் பக்கக் கொட்டகையில் வட்டு சுழன்றது. சிபி/எம் திரையில் ஒரு நட்சத்திரக் குறியைக் காட்டி, என்ன வேண்டும் என்று காத்திருந்தது.

இன்டெல் பிஎல்/எம்மை எடுத்துக்கொண்டது. சிபி/எம் வேண்டாம் என்றது. கில்டாலும் டோரதியும் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். முதலில் வைத்த பெயர் இன்டர்கேலக்டிக் டிஜிட்டல் ரிசர்ச். அண்டங்களைக் கடந்து வியாபாரம் செய்யும் அந்த முதல் சொல் பிறகு கழன்று, டிஜிட்டல் ரிசர்ச் என்று நின்றது. வரவு செலவு, வாடிக்கையாளர், ஒப்பந்தம் எல்லாம் டோரதி பார்த்துக்கொண்டார். தபாலில் எழுதிக் கேட்பவர்களுக்கு சுமார் 70 டாலருக்கு ஒரு பிரதி என்று விற்றார்கள்.

சிபி/எம்மின் உண்மையான வெற்றிக்குக் காரணம் இம்சாய் என்ற கணிப்பொறி நிறுவனத்தோடு வந்த ஒரு தலைவலி. அவர்களுடைய வட்டு இயக்கி வேறு மாதிரி. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இயங்குதளம் முழுவதையும் திருத்தி எழுதிக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. இம்சாயின் கிளென் யூயிங்கோடு சேர்ந்து கில்டால் ஒரு பிரிவினை செய்தார். விசைப்பலகை, திரை, வட்டு ஆகிய வன்பொருளைத் தொடும் சிறு பகுதி தனி. மற்ற எல்லாம் தனி. அந்தச் சிறு பகுதிக்கு பயாஸ் என்று பெயர். புது இயந்திரம் வந்தால் பயாஸை மட்டும் எழுதினால் போதும். இயந்திரம் செய்பவர் யாரானாலும் அதே நிரல் ஓடும் என்ற நிலை அப்போதுதான் வந்தது. வேர்ட்ஸ்டார் போன்ற மென்பொருள்கள் தனிச் சரக்காக விற்க முடிந்தது அதனால்தான். 1981-இல் சிபி/எம் உரிமங்கள் 2,50,000-ஐத் தாண்டி விற்றிருந்தன.

இனி மணி பார்க்கும் கதை. இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

சிபி/எம் ஓடிய இன்டெல் 8080 சில்லில் குறுக்கீடு என்று ஒரு வசதி உண்டு. சில்லின் ஒரு காலில் வெளியிலிருந்து ஒரு மின்துடிப்பு வந்தால், அது செய்துகொண்டிருக்கும் கட்டளையை முடித்துவிட்டு, அடுத்து எந்த முகவரிக்குப் போகவேண்டும் என்பதை அடுக்கில் எழுதி வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட இடத்துக்குத் தாவிவிடும். அங்கே இருக்கும் நிரல் வேலையை முடித்துத் திரும்பினால், பழைய நிரல் எதுவுமே நடக்காதது போலத் தொடரும். கடை முதலாளி கணக்கு எழுதிக்கொண்டிருக்கையில் யாரோ கூப்பிட, பேனாவைக் கணக்கில் விட்ட இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்து போய் வருவது போல.

அந்தத் துடிப்பை ஒரு கடிகாரச் சுற்று கொடுத்தால்? அதுவும் ஒழுங்காக, நொடிக்கு அறுபது தடவை கொடுத்தால்? அமெரிக்காவில் வீட்டுக்கு வரும் மின்சாரமே நொடிக்கு அறுபது தடவை ஏறி இறங்குகிறது, ஐரோப்பாவில் ஐம்பது. அதையே கடிகாரமாகப் பயன்படுத்திய இயந்திரங்களும் இருந்தன. இங்கேதான் தந்திரம். கடிகாரக் குறுக்கீடு வந்ததும், ஓடிக்கொண்டிருந்த நிரலின் பதிவேடுகளை எல்லாம் அதன் அடுக்கில் தள்ளிவிட்டு, அடுக்கின் முகவரியை அந்த நிரலுக்கான குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். பிறகு திரும்பும்போது அதே அடுக்கை எடுக்காமல், காத்திருக்கும் இன்னொரு நிரலின் அடுக்கை எடுத்துக்கொண்டால் போதும். சில்லுக்கு வித்தியாசம் தெரியாது. அது தன் கடமைப்படி அடுக்கில் உள்ள முகவரிக்குத் திரும்புகிறது. ஆனால் அது வேறொருவருடைய நிரல். அறுபதில் ஒரு நொடி இது, அறுபதில் ஒரு நொடி அது. 2 மெகாஹெர்ட்ஸ் 8080-க்கு அந்த இடைவெளியில் சுமார் 33,000 துடிப்புகள் இருக்கின்றன. சில ஆயிரம் கட்டளைகளை முடித்துவிடலாம். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கோ, இயந்திரம் தனக்காகவே ஓடுவதாகத் தோன்றும்.

இது கில்டால் கண்டுபிடித்ததல்ல. 1960-களின் தொடக்கத்திலேயே எம்ஐடியில் ஒரு பெரிய கணிப்பொறியைப் பலர் பங்குபோட்டுக்கொண்டார்கள். ஒரு முழு அறையை அடைத்த அந்த ஏற்பாட்டை மேஜைமேல் வைக்கும் பெட்டிக்குள் கொண்டுவருவதுதான் 1979-இன் கேள்வி. டிஜிட்டல் ரிசர்ச் அந்த ஆண்டு எம்பி/எம் என்ற பெயரில் அதை வெளியிட்டது. எழுதியவர் இன்டெல்லிலிருந்து வந்த டாம் ரோலண்டர். அந்த நாளில் வேறு சிலரும் இதே திசையில் முயன்றார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் ஏற்கெனவே கைவசம் உள்ள சிபி/எம் நிரல்களை அப்படியே ஓட்டலாம் என்பது எம்பி/எம்மின் பலம்.

அதன் உள்ளமைப்பைப் படிக்கையில் எனக்கு மிகவும் பிடித்தது குறுக்கீட்டு நிரலுக்கு அது விதித்திருந்த அடக்கம். கடிகாரம் துடித்ததும் அந்த நிரல் பெரிய வேலை எதையும் செய்யக்கூடாது. ஒரு கொடியை ஏற்றிவிட்டு ஒதுங்கவேண்டும். துடிப்புக்கு ஒரு கொடி. ஒரு முழு நொடி ஆனதும் ஏற்ற இன்னொரு கொடி. அந்தக் கொடிக்காகக் காத்திருக்கும் வேலைகளை வரிசையில் சேர்ப்பது, முன்னுரிமை பார்த்து அடுத்தவரைக் கூப்பிடுவது எல்லாம் அனுப்புநர் என்ற தனிப் பகுதியின் பொறுப்பு. முன்னுரிமையில் எண் சிறியதானால் ஆள் பெரியவர்; சம எண் கொண்டவர்கள் ரேஷன் கடை வரிசைபோல் ஒருவர்பின் ஒருவராக வரவேண்டியதுதான். யாருமே வேலைக்குக் காத்திருக்கவில்லை என்றால் கடிகாரத்தையே நிறுத்திவைக்கவும் வழி செய்திருந்தார்கள்.

8080-ஆல் எட்டக்கூடிய நினைவகம் மொத்தம் 64 கேபிதான். அதில் நான்கு பேர் உட்கார முடியாது. ஆகவே நினைவகத்தை வங்கிகளாகப் பிரித்தார்கள். ஆளுக்கொரு வங்கி, பொதுவாக 48 கேபி. மேலே 16 கேபி எல்லாருக்கும் பொது. இயங்குதளத்தின் மையப் பகுதி அந்தப் பொது இடத்தில் இருக்கும். கடிகாரம் துடிக்கும்போது பதிவேடுகளோடு வங்கியும் மாறும். மேடை அப்படியே நிற்க, பின்திரையை மட்டும் மாற்றுவது போன்ற வேலை. பொதுப் பகுதியில் இல்லாத ஒரு நிரல் வங்கியை மாற்றினால் தன் காலடி நிலத்தையே உருவிக்கொண்டதாகிவிடும். அடுத்த கட்டளையே அங்கே இருக்காது.

குறைகள் இல்லாமலா? நிறையவே. 8080-இல் பாதுகாப்பு என்று ஒன்றும் கிடையாது. ஒருவர் நிரல் குறுக்கீடுகளை நிறுத்தும் கட்டளையைப் போட்டுவிட்டுச் சுழலில் மாட்டிக்கொண்டால் கடிகாரம் செவிடாகி எல்லாருடைய வேலையும் நின்றுபோகும். சிபி/எம்முக்காக எழுதிய பழைய நிரல்களில் பல, விசை அழுத்தினாரா, விசை அழுத்தினாரா என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் பழக்கம் உடையவை. தனியாள் இயந்திரத்தில் அது பாதகமில்லை. நான்கு பேர் பங்குபோடும் இயந்திரத்தில் சும்மா இருப்பவரே அதிக நேரத்தைத் தின்றுவிடுவார். மேலும், ஒவ்வொரு நிறுவனத்தின் கடிகாரச் சுற்றும் ஒவ்வொரு மாதிரி. பயாஸைவிடப் பெரிய வன்பொருள் பகுதி ஒன்றை இயந்திரம் செய்பவர் எழுதித்தர வேண்டியிருந்தது. அது எல்லாருக்கும் சாத்தியமாகவில்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதுதான், 1980-இல், ஐபிஎம் வந்தது.

ரகசியமாக ஒரு தனிநபர் கணிப்பொறியைச் செய்துகொண்டிருந்த ஐபிஎம், இயங்குதளம் கேட்டு மைக்ரோசாஃப்டிடம் போக, அவர்கள் டிஜிட்டல் ரிசர்ச்சுக்கு வழிகாட்டினார்கள். ஐபிஎம்காரர்கள் பசிஃபிக் குரோவ் வந்த காலையில் கில்டால் தன் விமானத்தில் ஓக்லாந்து பக்கம் போயிருந்தார். உல்லாசமாகப் பறக்கவில்லை, பில் காட்பவுட் என்ற வாடிக்கையாளருக்கு ஆவணங்கள் கொடுக்கப் போனார். கூடவே போனவர் எம்பி/எம் எழுதிய ரோலண்டர். ஒப்பந்தப் பேச்சுகளை எப்போதுமே டோரதிதான் பார்ப்பார் என்பதால் கில்டாலுக்கு அது வினோதமாகப் படவில்லை. ஐபிஎம் நீட்டிய ரகசியக் காப்பு ஒப்பந்தம் முழுக்க ஒருபக்கச் சாய்வு. வழக்கறிஞரைக் கலந்துகொண்டு டோரதி கையெழுத்திட மறுத்தார். பிற்பகல் கில்டால் திரும்பியபின் என்ன நடந்தது என்பதில் சம்பந்தப்பட்டவர்களின் நினைவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. பேசி உடன்பாட்டுக்கு வந்தோம் என்பது கில்டால் தரப்பு. உடன்பாடு எதுவும் கையெழுத்தாகவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

என் கணிப்பில் விமானத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இன்டெல்லின் புதிய 16 பிட் சில்லான 8086 அப்போதே சந்தையில் இருந்தது. சிபி/எம்-86 இன்னும் வரவில்லை. கில்டால் பிஎல்/ஐ மொழிக்கான கம்பைலர் எழுதுவதில் மூழ்கியிருந்தார். அது அழகான வேலைதான். அவர் மனம் எப்போதும் கம்பைலரில்தான் குடியிருந்தது. ஆனால் சியாட்டிலில் 8086 பலகை விற்றுக்கொண்டிருந்த ஒரு சிறு நிறுவனத்தால் காத்திருக்க முடியவில்லை. அங்கிருந்த டிம் பேட்டர்சன் சிபி/எம் கையேட்டைப் பார்த்து, அதன் அழைப்புகளுக்கு ஒத்துப்போகும் ஓர் இயங்குதளத்தை எழுதினார். மைக்ரோசாஃப்ட் மொத்தம் 75,000 டாலர் கொடுத்து அதை வாங்கி, ஐபிஎம்முக்குக் கொடுத்தது. அதுதான் டாஸ்.

கல்லூரி ஆய்வகத்தில் டாஸில் பழகியவர்களுக்கு அந்தச் சாயல் தெரியும். ஏ, பி என்று வட்டுக்குப் பெயர். எட்டெழுத்துப் பெயரும் மூன்றெழுத்துப் பின்னொட்டும். காம் கோப்புகள் நினைவகத்தில் 256-ஆம் இடத்திலிருந்து தொடங்குவது. எல்லாம் சிபி/எம் வீட்டுப் பாத்திரங்கள். கில்டால் இதைத் திருட்டு என்றே கடைசிவரை கருதினார். பேட்டர்சனோ, அழைப்பு முறையை ஒத்ததாகச் செய்தேனே தவிர நிரல் என் சொந்தம் என்று சொல்லி வந்தார். 2004-இல் வெளிவந்த ஒரு நூல் கில்டால் பக்கம் நின்று எழுதியபோது வழக்கும் போட்டார். 2007-இல் அது தள்ளுபடியானது. பிறர் செய்ததைப் பார்த்துக் கற்பது அன்று இந்தத் தொழிலில் எல்லாரும் செய்தது; சிபி/எம்மிலும் பெரிய கணிப்பொறிகளின் வாடை உண்டு. என்றாலும் ஒத்த அழைப்புகள் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை என்பதில் சந்தேகமில்லை.

கில்டால் முறையிட்டபோது ஐபிஎம் ஒரு சமரசத்துக்கு வந்தது. வழக்குப் போடவேண்டாம், சிபி/எம்-86-ஐயும் சேர்த்து விற்கிறோம் என்றது. அப்படியே விற்றது. டாஸ் விலை 40 டாலர். சிபி/எம்-86 விலை 240 டாலர். இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இங்கேதான் கில்டாலின் நிறுவனம் மணிக் கடிகாரத்தைக் கொண்டு பதிலடி கொடுக்கப் பார்த்தது. ஐபிஎம் பிசியின் பலகையில் இன்டெல் 8253 என்ற கடிகாரச் சில்லு இருந்தது. நொடிக்குச் சுமார் 11,93,000 துடிப்புகளை வாங்கி, 65,536 ஆனதும் ஒரு குறுக்கீடு அனுப்பும். அதாவது நொடிக்கு 18.2 தடவை, ஏறக்குறைய 55 மில்லிநொடிக்கு ஒன்று. டாஸ் இருந்த இயந்திரத்தில் இந்த அருமையான துடிப்பு, நாள் நேரத்தை எண்ணவும் நெகிழ்வட்டு மோட்டாரை அணைக்கவும் போக வேறு பெரிதாக எதற்கும் பயன்படவில்லை. எம்பி/எம் வழியில் வந்த கன்கரன்ட் சிபி/எம்-86 அதே பிசியில் நான்கு வேலைகளை ஒரே நேரத்தில் நடத்தியது. ஒரு திரையில் கடிதம், மறைவாக இன்னொன்றில் அச்சு, மூன்றாவதில் கணக்கு. விசை ஒன்றை அழுத்தித் திரை மாற்றிக்கொள்ளலாம். 1983 வாக்கில் இதைக் கடையில் வாங்க முடிந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ், கடிகாரத்தை வைத்துத் தானே வேலைகளை மாற்றும் முழுமையான முறைக்கு வந்தது என்டி வெளியான 1993-லும், சாதாரண வீடுகளுக்கு 1995-லும்தான்.

ஏன் விற்கவில்லை? டாஸுக்கு எழுதிய நிரல்கள் முதலில் அதில் ஓடவில்லை. மக்கள் வாங்குவது இயங்குதளத்தை அல்ல, அதில் ஓடும் நிரலை. நான்கு வேலைக்கு வேண்டிய நினைவகம் அன்று விலை அதிகம். டாஸ் உலகத்தார் வேறு குறுக்கு வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள்: நிரலை நினைவகத்தில் ஒளித்துவைத்து, கடிகாரக் குறுக்கீட்டின் முகவரியைத் தன்பக்கம் திருப்பிக்கொண்டு, டாஸ் அயர்ந்திருக்கும் நேரம் பார்த்து எழுந்து வருவது. டாஸ் ஒரு வேலையின் நடுவே இருக்கும்போது அதையே மறுபடி கூப்பிட்டால் குழம்பிவிடும் என்பதால் இந்த ஒளிந்து பார்க்கும் விளையாட்டு. 1984-இல் வந்த சைடுகிக் இந்த மாதிரி நிரல்களில் புகழ்பெற்றது. ஒழுங்கான பல்பணியை ஒதுக்கிவிட்டு இந்த ஒட்டுவேலையை ஊர் ஏற்றுக்கொண்டது.

ஆனால் அந்த வம்சம் அற்றுப்போகவில்லை. டாஸ் நிரல்களையும் ஓட்டும் கன்கரன்ட் டாஸ் வந்தது. அதிலிருந்து ஃப்ளெக்ஸ்ஓஎஸ் வந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டது யார் தெரியுமா? அதே ஐபிஎம்! அங்காடிகளில் பணம் வாங்கும் இயந்திரங்களுக்கான அதன் 4680, 4690 இயங்குதளங்கள் இவற்றின்மேல் எழுந்தவை. வெளிநாட்டுக்கு வந்த புதிதில் அங்காடி வரிசையில் பால் பாக்கெட்டோடு நின்றிருந்த நம்மில் பலரின் கணக்கை, ரோலண்டர் குடும்பத்து அனுப்புநர் ஒருவர்தான் கூட்டிச் சொல்லியிருப்பார்.

கில்டாலின் சொந்த வாழ்க்கை அதற்குள் திசை மாறிவிட்டது. 1983-இல் டோரதியோடு மணமுறிவு. நிறுவனம் பெரிதாகிக்கொண்டே போக, அவருக்கு அதில் ஈடுபாடு குறைந்தது. நிர்வாகக் கூட்டங்களில் உட்காருவது அவருக்குப் பிடிக்காத காரியம். நிரலை எழுதி, நண்பர்களுக்குக் காட்டி, எப்படி எழுதினேன் என்று சொல்லிக்கொடுப்பதுதான் பிடித்த காரியம். கடைசிவரை அவரிடம் ஆசிரியர் குணம் போகவில்லை. 1983 முதல் 1990 வரை ஸ்டூவர்ட் ஷெஃபேயுடன் சேர்ந்து அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் கணிப்பொறி நிகழ்ச்சி நடத்தினார். போட்டியாளர்களின் சரக்கைக்கூடப் பொறாமையில்லாமல், குழந்தைபோன்ற ஆர்வத்தோடு கேள்வி கேட்டு விளக்கவைக்கும் அந்த மனிதரைப் பழைய ஒளிப்பதிவுகளில் பார்க்கலாம். ரோலண்டரோடு இன்னொரு சிறு நிறுவனமும் தொடங்கி, 1985-இல் குரோலியர் கலைக்களஞ்சியத்தை ஒரே குறுந்தகட்டில் கொண்டுவந்தார். குறுந்தகட்டில் பாட்டு மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

டிஜிட்டல் ரிசர்ச் 1988-இல் டிஆர் டாஸ் என்று டாஸுக்கே போட்டியாக ஒன்றை வெளியிட்டு ஓரளவு நிமிர்ந்தது. 1991-இல் நாவெல் நிறுவனம் அதை வாங்கியது. கில்டாலுக்குப் பணத்துக்குக் குறைவில்லை. டெக்சாஸில் ஆஸ்டின் அருகே வீடு, விமானங்கள், பந்தயக் கார்கள் என்று இருந்தார். குறை வேறு இடத்தில் இருந்தது. 1992-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகம் தன் கணிப்பொறித் துறையின் 25-ஆம் ஆண்டு விழாவுக்கு, அங்கேயே படித்து முனைவர் பட்டம் பெற்ற இவரைப் பார்வையாளராக அழைத்தது. சிறப்புரைக்கு ஹார்வர்டைப் பாதியில் விட்ட பில் கேட்ஸை அழைத்தது. அந்தக் காயத்தில்தான் தன் நினைவுகளை எழுதத் தொடங்கினார். 1993-இல் நண்பர்களுக்கும் குடும்பத்துக்கும் மட்டும் கையெழுத்துப் படியைக் கொடுத்தார். பிள்ளைகள் ஸ்காட்டும் கிறிஸ்டினும் 2016-இல் கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகத்தின் வழியே முற்பகுதியை மட்டும் வெளியிட்டார்கள். பிற்பகுதி குடிப்பழக்கத்தோடு தந்தை போராடிய காலத்தில் எழுதியது, அவருடைய உண்மையான குணத்தைக் காட்டாது என்பதால் வெளியிடவில்லை. இரண்டையும் மறைக்காமல் சொன்னதில் அவர்களுக்குத் தந்தைமேல் இருந்த மரியாதை தெரிகிறது.

1994 ஜூலை 8 அன்று மான்டரேயில் ஓர் உணவு விடுதியில் கில்டாலுக்குத் தலையில் அடிபட்டது. விழுந்தார் என்கிறார்கள், எப்படி என்பது தெளிவாகவில்லை. மூன்று நாள் கழித்து ஜூலை 11 அன்று இறந்தார். வயது 52. பிறந்த ஊரான சியாட்டிலில் அவரை அடக்கம் செய்தார்கள்.

பசிஃபிக் குரோவில் லைட்ஹவுஸ் அவென்யூ 801-ஆம் எண் வீடு டிஜிட்டல் ரிசர்ச்சின் பழைய அலுவலகம். 2014 ஏப்ரலில் மின் பொறியாளர்களின் அமைப்பான ஐஇஇஇ அங்கே ஒரு நினைவுப் பட்டயம் பதித்தது. பட்டயம் 1974-இன் சிபி/எம்முக்கு.